சத்தம் அடங்கிய ரைஃபிளுக்கு எடை குறைந்த ஸ்கோப்: கோளாறு எங்கே என்று தேடும் முறை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மத்திய ஒட்டாகோ பக்கம், முயல் என்று சொன்னாலே பண்ணைக்காரர்களுக்கு வயிறு எரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட பிராணி அது. விட்டால் மலைச்சரிவையே மொட்டையடித்துவிடும். 1997இல் முயலைக் கொல்லும் வைரஸ் ஒன்றைச் சட்டத்தை மீறி நாட்டுக்குள் கொண்டுவந்து பரப்பினார்கள். கொஞ்ச காலம் எண்ணிக்கை சரிந்தது, அப்புறம் எதிர்ப்புச் சக்தி வந்து மறுபடி பெருகிவிட்டன. அதனால் நிலத்துக்காரர் சம்மதித்தால், உரிமம் உள்ளவர்கள் சாயங்காலம் சின்னத் தோட்டா போடும் ஒரு .22 ரைஃபிளை எடுத்துக்கொண்டு மேலே ஏறலாம். குழல் நுனியில் மாட்டிச் சத்தத்தை அடக்கும் சைலன்சர் இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அதோடு ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டாவைப் போட்டால், ஒரு முயல் விழுந்தாலும் பக்கத்தில் மேயும் முயல் ஓடாது. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. இங்கே எழுதுவது இந்த ஊர் நிலவரம்.)

இப்படி ஒரு ரைஃபிளை வாங்கிய நண்பர்கள் இரண்டு மாதத்தில் என்னிடம் வந்து சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “அண்ணா, ஸ்கோப் சரியில்லை, லேசா வேற ஒண்ணு சொல்லுங்க.” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்கோப் (ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) நன்றாகத்தான் இருக்கும். குண்டு மெதுவாகப் போகிறது என்பதுதான் விஷயம். வேகமான குண்டு மன்னித்துவிடும் சின்னச் சின்னத் தவறுகளை இது மன்னிக்காது. பழி மட்டும் ஸ்கோப் மேல் விழும். ஆகவே கீழே உள்ளதை உங்கள் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். எங்கே ஸ்கோப்பை மாற்ற வேண்டும், எங்கே மாற்றினாலும் பயனில்லை என்று அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஸ்கோப் திருகைத் திருப்பும்போது துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மறந்துபோகும்.

கையில் இருக்கவேண்டிய சில எண்கள்

நான் பேசுவது இரண்டு வகை ரைஃபிளைப் பற்றி. ஒன்று .22 எல்.ஆர்.: 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் குண்டு, நொடிக்கு 320 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் போகும். இன்னொன்று 300 பிளாக்அவுட்: 190 முதல் 220 கிரெயின் வரை உள்ள கனமான குண்டு, ஏறக்குறைய அதே வேகம். எடை ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசப்பட்டாலும், வேகம் ஒன்று என்பதால் இரண்டும் விழும் விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு 4 செ.மீ. மேலே இருக்கிறது, 50 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறீர்கள் (அந்தத் தூரத்தில் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி அமைத்திருக்கிறீர்கள்) என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் குண்டு ஒரு செ.மீ. கீழே படும். 25 முதல் 40 மீட்டர் வரை ஒன்று, ஒன்றரை செ.மீ. மேலே. 60 மீட்டரில் இரண்டரை செ.மீ. கீழே. 75 மீட்டரில் எட்டு செ.மீ. கீழே. 100 மீட்டரில் 22 முதல் 25 செ.மீ. வரை கீழே. இது கணக்குப்போட்டு வந்த எண். உங்கள் தோட்டாவுக்குக் கொஞ்சம் மாறும், காகிதத்தில் சுட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

“50 மீட்டரில் ஊசிமுனை மாதிரி இருக்கு, 80இல் எங்கே போகுதுன்னே தெரியல”

நான் அதிகம் கேட்கும் புகார் இது. மேலே உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். 50க்கும் 60க்கும் நடுவே விழுவது இரண்டரை செ.மீ.தான். ஆனால் 90க்கும் 100க்கும் நடுவே, அதே பத்து மீட்டருக்குள், கிட்டத்தட்ட ஏழு செ.மீ. விழுகிறது. முயல் தலை குறுக்காக நாலைந்து செ.மீ. இருக்கும். தொண்ணூறு மீட்டரை நூறு என்று நினைத்துச் சுட்டால் குண்டு காதுக்கு மேலே போய்விடும். நூறைத் தொண்ணூறு என்று நினைத்தால் காலில் பட்டு, பொந்துக்குள் ஓடிச் சாகும். எனக்குப் பிடிக்காத முடிவு அதுதான்.

கண்ணால் தூரம் சொல்வதில் நாம் எல்லோரும் நம்மைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு சாயங்காலம் நானும் ஒரு நண்பரும் அலெக்சாண்ட்ரா ஊருக்கு மேலே உள்ள சரிவில், தைம் செடிகள் மண்டிக் கிடக்கும் இடத்தில், பத்துப் பாறைகளைக் குறித்துக்கொண்டு தூரம் சொல்லி, பிறகு லேசர் தூரமானியால் அளந்தோம். நான் பத்தில் ஆறு தடவை பத்து மீட்டருக்கு மேல் தவறினேன். பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில் இருந்த பாறைகள்தான் அதிகம் ஏமாற்றின.

என்ன செய்வது? முதலில் ஒரு அட்டையில் 30, 40, 50, 60, 70, 80 மீட்டர்களுக்கு உங்கள் குண்டு எங்கே படுகிறது என்று சுட்டு எழுதி, ரைஃபிள் கட்டையின் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டாவது, 150 முதல் 200 கிராம் எடையுள்ள ஒரு தூரமானியைச் சட்டைப் பையில் போடுங்கள். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த கிராமையும் காசையும் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். மூன்றாவது, .22க்கு 70 மீட்டர் என்று உங்களுக்கு நீங்களே ஒரு வேலி போட்டுக்கொள்ளுங்கள். இதே புகாருக்கு 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் (6-24) ஸ்கோப்பை வாங்கித் தலையில் கட்டும் கடைகள் உண்டு. அதில் முயலின் மீசைகூடத் தெரியும், தூரம் மட்டும் தெரியாது.

“கோடு போட்ட ரெட்டிக்கிள் இருந்தும் தப்பாகிறது”

ரெட்டிக்கிளில், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளில், குறுக்குக்கோட்டுக்குக் கீழே 200, 300, 400 என்று தூரக்குறிகள் இருந்தால், அவை வேகமான தோட்டாவுக்காகப் போடப்பட்டவை. சப்சானிக்குக்கு அவை வெறும் கோலம். சம இடைவெளியில் மில் கோடுகள் உள்ள ரெட்டிக்கிளை எடுங்கள். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 50 மீட்டரில் 5 செ.மீ. 75 மீட்டரில் எட்டு செ.மீ. கீழே என்றால் ஒரு மில்லுக்குக் கொஞ்சம் மேலே. 100 மீட்டரில் இரண்டேகால். ஒட்டிய அட்டையில் செ.மீ.க்குப் பதில் மில்லாகவே எழுதிவிடலாம்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. எடை குறைந்த வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில், உருப்பெருக்கத்தை மாற்றும்போது ரெட்டிக்கிளின் அளவு மாறாது. அதாவது கோடுகளின் கணக்கு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 2-7 மடங்கு ஸ்கோப்பில் 7இல் ஒரு மில் என்று இருக்கும் கோடு மூன்றரையில் இரண்டு மில் ஆகிவிடும். 7இல் சுட்டுப் பழகிவிட்டு, முயல் அருகில் வந்தது என்று மூன்றரைக்குக் குறைத்து அதே கோட்டை வைத்தால் குண்டு மேலே போகும். என் வழக்கம் எளிது: கோட்டை வைத்துக் குறிபார்க்கும்போதெல்லாம் உச்சத்துக்குத் திருப்பிவிடுவேன். மற்ற நேரத்தில் 3, 4.

“தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக்கோடு முயல் மேல் நகர்கிறது”

பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் ஆசிரியர் தலையில் குட்டுவாரே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் (பேரலாக்ஸ்). பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளை 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் பிழை இல்லாதபடி தொழிற்சாலையில் அமைத்துவிடுகிறார்கள். நாம் சுடுவது 25இல், 50இல்.

பிழை எவ்வளவு என்று கணக்குப் போடலாம். முன் லென்ஸின் பாதி அகலத்தை எடுத்து, உங்கள் தூரத்துக்கும் அமைத்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அமைத்த தூரத்தால் வகுத்தால், மோசமான நிலையில் வரும் விலகல் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸ், 100 மீட்டருக்கு அமைத்தது, முயல் 25 மீட்டரில்: 25 பெருக்கல் 75 வகுத்தல் 100, கிட்டத்தட்ட 19 மி.மீ. அதே இடத்தில் 33 மி.மீ. லென்ஸ், 50 மீட்டருக்கு அமைத்தது என்றால் 8 மி.மீ.தான். சின்ன லென்ஸ் எடையையும் குறைக்கிறது, இந்தப் பிழையையும் குறைக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இங்கே நிஜமாகவே விழுகிறது.

சோதித்துப் பார்க்க: காலி ரைஃபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வையுங்கள். 25 மீட்டரில் ஒரு காகிதப் புள்ளியை நோக்கிக் குறுக்குக்கோட்டை அமைத்துவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். கோடு புள்ளியை விட்டு எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு செ.மீ.க்குள் என்றால் கன்னத்தை எப்போதும் ஒரே இடத்தில் வைத்துப் பழகினால் போதும். அதற்கு மேல் ஓடினால் இது ஸ்கோப்பை மாற்றவேண்டிய இடம். 50 மீட்டருக்கு அமைத்த ரிம்ஃபயர் (.22 போன்ற சின்னத் தோட்டாவுக்கான) ஸ்கோப்பைக் கேளுங்கள். தூரத்துக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் பேரலாக்ஸ் வளையம் உள்ளதையும் வாங்கலாம், ஆனால் எடையும் விலையும் ஏறும். முன் லென்ஸைக் கழற்றி நாமே சரிசெய்யலாம் என்று சிலர் கிளம்புவார்கள். உள்ளே நிரப்பியிருக்கும் நைட்ரஜன் வெளியே போய்விடும், அடுத்த குளிர்காலத்தில் உள்ளே பனிமூட்டம் கட்டும். வேண்டாம்.

“முன்பக்கம் கனக்கிறது, அதனால் லேசான ஸ்கோப் வேண்டும்”

இந்தக் கோரிக்கையில் நியாயம் பாதிதான். கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் தொங்கும் சால்தான் இழுக்கும், நடுவில் ஆள் நின்றால் அவ்வளவு தெரியாது. சைலன்சர் நுனியில் தொங்குகிறது. அலுமினிய .22 சைலன்சர் நூற்றைம்பது கிராம் சொச்சம், பெரிய தோட்டாவுக்கானது முந்நூறு நானூறு கிராம் வரை போகும். ஸ்கோப்போ சமநிலைப் புள்ளியை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையைக் குறைத்தால் மொத்த எடை குறையும், முன்பக்கச் சாய்வு குறையாது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடும்.

உங்கள் துயரம் எது என்று கண்டுபிடியுங்கள். காலி ரைஃபிளை ஒரு விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைத் தேடுங்கள். அது மேகசினுக்கு ஒரு சாணுக்கு மேல் முன்னால் போய்விட்டால், குழல் நீளமானது அல்லது சைலன்சர் கனமானது. மருந்து அங்கேதான். சப்சானிக் .22க்கு 40 செ.மீ. குழலே தாராளம். புள்ளி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரம் மலையேறினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது என்றால், அப்போது ஸ்கோப்பின் மேல் கை வையுங்கள். நான் முதலில் மாட்டியது 4-16 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ், ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளோடு முக்கால் கிலோவைத் தாண்டியது. இப்போது இருப்பது 2-7 மடங்கு, 33 மி.மீ., முந்நூறு கிராமைச் சற்றே தாண்டும். மாற்றிய அன்று வித்தியாசம் தெரிந்தது கைக்கு அல்ல, கழுத்துக்கு. வாரில் தொங்கும்போது ரைஃபிள் புரண்டு புரண்டு முதுகில் இடிப்பது நின்றது.

“காற்றே இல்லை, ஆனாலும் பக்கவாட்டில் போகிறது”

உயரமான கனத்த ஸ்கோப் இன்னொரு உபத்திரவமும் செய்யும்: ரைஃபிளை ஒரு பக்கமாகச் சாய்க்கும். சரிவில் உட்கார்ந்து சுடும்போது அடிவானமே சாய்வாகத் தெரிவதால் நமக்கே தெரியாமல் நாலைந்து டிகிரி சாய்த்துவிடுவோம். குழல் மேல்நோக்கிப் பார்க்கும் கோணம் பெரிதாக இருப்பதால், சப்சானிக்கில் இந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். 5 டிகிரி சாய்வு 100 மீட்டரில் நாலரை, ஐந்து செ.மீ. விலக்கிவிடும். ஒரு .308 வேக ரைஃபிளில் அதே சாய்வு ஒரு செ.மீ.கூட ஆகாது. அதனால்தான் பெரிய ரைஃபிளில் கைதேர்ந்தவர்கள்கூட இதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

சுவரில் ஒரு தூக்குநூலைக் கட்டி, ரைஃபிளை மட்டப்பலகை வைத்து நேராக்கி, செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் ரிங்குகளைத் தளர்த்தி ஸ்கோப்பைத் திருப்புங்கள். அவ்வளவுதான், காசு செலவில்லை.

“குறைந்த உருப்பெருக்கத்தில் அடியில் கறுப்பாக ஏதோ தெரிகிறது”

சைலன்சர்தான். இரண்டு மடங்கில் பார்வை அகலமாக இருப்பதால், தாழ்வாக மாட்டிய ஸ்கோப்பின் முன்னால் அதன் முதுகு மங்கலாகத் தெரியும். 4க்குத் திருப்பினால் மறைந்துவிடும். குறிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அப்படியே விடுங்கள். உயரமான ரிங் போட்டு மறைக்கலாம். ஆனால் 4 செ.மீ. உயரத்தை ஐந்தரை ஆக்கினால், 10 மீட்டரில் ஒரு செ.மீ. கீழே பட்டது இரண்டு, இரண்டரை ஆகும், கன்னமும் கட்டையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

“நேற்று ஜீரோ செய்தேன், இன்று வேறு இடத்தில் படுகிறது”

இதை வரிசையாகத்தான் தேட வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் நாள் முழுக்கச் சுற்றுவீர்கள்.

முதலில் சைலன்சரைக் கழற்றி, மரையையும் அது போய் உட்காரும் தோள்பகுதியையும் துடையுங்கள். .22இல் ஈயத் துகளும் கரியும் அங்கே சேரும். கையால் இறுகத் திருகுங்கள். சுடச்சுட அது தானே தளரும், பத்து வெடிக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள் (300 பிளாக்அவுட்டில் சூடாக இருக்கும், கையுறை போடுங்கள்). தளர்ந்த சைலன்சர் குறியைக் கெடுப்பதோடு நிற்காது, குண்டு உள்ளே உரசவும் கூடும்.

அடுத்து, ஜீரோ செய்தபோது சைலன்சர் இருந்ததா? இல்லாமல் ஜீரோ செய்துவிட்டு அப்புறம் மாட்டினால் படும் இடம் மாறுவது இயல்பு. குழலின் நுனியில் எடை ஏறினால் அதன் அதிர்வு மாறும். எப்படிச் சுடப்போகிறீர்களோ அப்படியே ஜீரோ செய்ய வேண்டும்.

மூன்றாவது, கட்டையையும் ரைஃபிளையும் இணைக்கும் திருகுகள். நான்காவது, ரிங்குகள் உட்காரும் ரெயிலை ரைஃபிளோடு பிடிக்கும் திருகுகள், அதன்பின் ரிங் திருகுகள். ரிங் மூடிக்கு 2 நியூட்டன் மீட்டருக்கு உள்ளேயே போதும். அளவு காட்டும் திருப்புளி இல்லாமல் முழுப் பலத்தோடு முறுக்கி, மெல்லிய அலுமினியக் குழாயை நசுக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். லேசான ஸ்கோப்பின் உடம்பும் மெல்லியதுதான். நசுங்கிய ஸ்கோப்பில் உருப்பெருக்க வளையம் கரகரவென்று திரும்பும், திருகைத் திருப்பினால் கோடு நகராமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் துள்ளும்.

ஐந்தாவது, தோட்டாவின் பிராண்டை மாற்றினீர்களா? .22 குழல் புதுப் பிராண்டின் மெழுகுக்குப் பழக பத்து இருபது வெடி எடுக்கும்.

இவ்வளவும் சரி என்றால் ஐந்து வெடி சுடுங்கள், சைலன்சரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் இருந்தால் ரைஃபிள் பக்கம் குற்றமில்லை. இப்போது ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம். 50 மீட்டரில் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு, ஒரே புள்ளியைக் குறிபார்த்தபடி மூன்று வெடி. பிறகு ஸ்கோப்பின் திருகை மேலே 2 மில் திருப்பி மூன்று, வலப்பக்கம் 2 மில் திருப்பி மூன்று, கீழே 2 மில் திருப்பி மூன்று, இடப்பக்கம் 2 மில் திருப்பிக் கடைசி மூன்று. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரம் விழுந்து, கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேல் வர வேண்டும். சதுரம் கோணலாக இருந்தாலோ, திரும்பி வராவிட்டாலோ, இன்னொரு நல்ல ஸ்கோப்பை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் எல்லாம் சரியானால் பழையது கெட்டதுதான், உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள்.

“மேலும் கீழுமாகக் கோடு போட்டதுபோல் சிதறுகிறது”

பக்கவாட்டில் நெருக்கமாக, உயரத்தில் மட்டும் நீளமாக இருந்தால் தோட்டாவின் வேகம் ஒன்றுபோல் இல்லை. நொடிக்கு 320 மீட்டரில் ஒன்று, 300இல் ஒன்று என்று போனால் 100 மீட்டரில் இரண்டும் ஆறு செ.மீ.க்கு மேல் விலகும். எந்த ஸ்கோப்பும் இதைத் தீர்க்காது. நாலைந்து பிராண்டு வாங்கி, உங்கள் குழலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடியுங்கள்.

“திடீரென்று சடாரென்று சத்தம்”

முதல் வெடி மட்டும் சத்தமாக இருந்தால் கவலை வேண்டாம். சைலன்சருக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் மிச்ச வாயு எரிகிறது, இரண்டாவது வெடியிலிருந்து அடங்கிவிடும். குளிர்நாளில் எல்லா வெடியும் சாட்டை சொடுக்கியதுபோல் கேட்டால் விஷயம் வேறு. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது: 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், பூஜ்யத்தில் 331, மைனஸ் 5இல் 328. பெட்டியில் சப்சானிக் என்று எழுதியிருந்தாலும் நொடிக்கு 330 மீட்டர் போகும் தோட்டா, ஜூலை மாத உறைபனிக் காலையில் ஒலியைத் தாண்டிவிடும். குளிர்காலத்துக்கு இன்னும் மெதுவான தோட்டாவை வாங்குங்கள், ஜீரோவையும் மறுபடி பாருங்கள்.

“அந்தியில் முயலும் புல்லும் ஒன்றாகிவிடுகிறது”

முன் லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 33 மி.மீ. லென்ஸ் 7 மடங்கில் 4.7 மி.மீ., 4 மடங்கில் 8 மி.மீ.க்கு மேல். இளம் வயதில் இருட்டில் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டினால் 5 வந்தாலே பெரிது. ஆகவே இருட்டும்போது 4க்குத் திருப்புங்கள், பெரிய லென்ஸ் வாங்காமலேயே வெளிச்சம் கூடும். மில் கோட்டுக் கணக்கு அப்போது பொருந்தாது என்பதால், 50 மீட்டருக்குள் வரும் முயலை மட்டும் எடுத்துக்கொள்வேன். 30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் அதிகம் என்று கடையில் சொல்வார்கள். அது திருகு நகரும் வீச்சைத்தான் கூட்டும், எடையையும் சேர்த்து.

முயல் தெரிந்தும் கோடு தெரியாவிட்டால், ஓரங்களில் தடித்த கோடுள்ள ரெட்டிக்கிளோ நடுவில் ஒளிரும் புள்ளியோ வேண்டும். முயலே சந்தேகமாக இருந்தால் விசையில் விரல் போகக்கூடாது. பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும், ஏனென்றால் மெதுவான ஈயக் குண்டு பாறையில் பட்டால் ஊளையிட்டுக்கொண்டு தெறித்துப் போகும். இந்த மலையெல்லாம் பாறைதான்.

“காகிதத்தில் ஓட்டை நீள்வட்டமாக இருக்கிறது”

உடனே நிறுத்துங்கள். குண்டு நேராகப் போகாமல் புரள்கிறது, அடுத்தது சைலன்சரின் உட்சுவரை உடைக்கலாம். கனமான 300 பிளாக்அவுட் குண்டுக்குக் குழலின் உட்சுருள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது இருக்க வேண்டும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ஸ்கோப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“சரி, ஸ்கோப்தான் கெட்டது. எதை வாங்க?”

.22க்கு 2-7 மடங்கு, 32 அல்லது 33 மி.மீ. லென்ஸ், 25 மி.மீ. குழாய், 50 மீட்டர் பேரலாக்ஸ், எடை 350 கிராமுக்குள். 300 பிளாக்அவுட்டுக்கும் இதுவே போதும் என்பேன், அதை 100 மீட்டரைத் தாண்டிப் பயன்படுத்த மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில். அந்தக் கனத்த சப்சானிக் குண்டின் ஆற்றல் ஒரு .308இன் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே ரைஃபிளில் வேகத் தோட்டாவும் போடுபவர் என்றால், இரண்டும் 100 மீட்டரில் நாற்பது செ.மீ. விலகிப் படும், பக்கவாட்டிலும் மாறலாம். அப்போது மட்டும் கையால் திருப்பக்கூடிய, எண் போட்ட திருகு உள்ளதைப் பாருங்கள், ஐம்பது நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை. 1-6 மடங்கு ஸ்கோப்புகள் பார்க்க அழகு, ஆனால் பெரும்பாலானவை அரைக்கிலோ இருக்கும், ஒரு மடங்கில் முயலை யார் சுடப்போகிறார்கள்? புதர்க்காட்டில் முப்பது மீட்டருக்குள் மட்டும் சுடுபவருக்கு நூறு கிராம் சிவப்புப் புள்ளிக் கருவியே போதும்.

கடைக்குப் போனால் விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரைஃபிளில் மாட்டாத ஸ்கோப்பை மட்டும் வாசலுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். ஒரு மேசைமேல் அசையாமல் வைத்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஏதாவது ஒரு பெயர்ப்பலகை எழுத்தில் குறுக்குக்கோட்டை வைத்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். நான் அப்படி ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரப் பெண் எனக்குக் கழுத்து வலியா என்று கேட்டார். மூன்றாவது ஸ்கோப்பில் கோடு எழுத்தை விட்டு அசையவில்லை. அதையே வாங்கினேன்.